சோதனைச் சாவடியில் நோட்டோடு நிற்கும் பெண்கள்

பாலஸ்தீனம் பற்றி நம் பக்கங்களில் பேச்சு எழுவது பெரும்பாலும் குண்டு விழும் நாட்களில்தான். குண்டு விழாத ஒரு சாதாரண நாளில் அங்கே என்ன நடக்கிறது என்பதை இருபது வருடங்களுக்கும் மேலாக எழுதி வைத்துக்கொண்டே வரும் சிலரைப் பற்றி இந்தப் பதிவு.

மஹ்சோம் வாட்ச். இரண்டாம் இன்டிஃபாதா (பாலஸ்தீனர்களின் இரண்டாவது எழுச்சி) வெடித்த சில மாதங்களில், 2001 தொடக்கத்தில், இஸ்ரேலியப் பெண்கள் மூன்று பேர் ஆரம்பித்த அமைப்பு. பிறகு நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பெண்கள் மட்டும்தான். பலர் ஓய்வு பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். விடியற்காலையில் கிளம்பி, இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக்கரையின் ராணுவச் சோதனைச் சாவடிகளுக்குப் போவார்கள். கலந்தியா, ஹவாரா, பெத்லகேம் என்று ஊர் ஊராக. சாவடியில் நிற்கும் சிப்பாய்க்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். அவர்கள் வீட்டுப் பையன் போலத்தான். அவன் பாலஸ்தீனரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்து, எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். சொந்த நாட்டின் ராணுவத்தை, அதன் முகத்துக்கு எதிரே நின்று கண்காணிப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! துரோகி என்ற வசவு இவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

உலகம் இவர்களைக் கவனித்தது ஒரு வயலினால். 2004 நவம்பர் 9, மேற்குக்கரையின் நப்லுஸ் நகருக்கு அருகே பெய்த் ஈபா சாவடி. வயலினோடு வந்த ஒரு பாலஸ்தீனர் சிப்பாய்கள் முன்னால் நின்று வாசிக்கிறார். மஹ்சோம் வாட்ச் பெண் ஒருவர் அதைப் படம்பிடித்துவிட்டார். இஸ்ரேல் கொந்தளித்தது. நாஜி முகாம்களில் யூத இசைக் கலைஞர்களை வாசிக்க வைத்தது அந்தச் சமூகத்தின் நினைவில் இன்னும் ஆறாத புண். அவராகவேதான் வாசித்தார் என்றது ராணுவம். வாசிக்கச் சொன்னார்கள் என்றார் அவர்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வயலின் இல்லாமல் அதே வரிசையில் மணிக்கணக்காக நின்றவர்களுக்காக அப்படி ஒரு கோபம் எழவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். என்னைக் கேட்டால், இந்தப் பெண்களின் பெரிய சாதனை அந்த வீடியோ இல்லை. யாரும் பகிராத, படிக்கவே அலுப்பூட்டும் அவர்களுடைய அன்றாட அறிக்கைகள்தான். எத்தனை கவுண்டர் திறந்திருந்தது, வரிசை எதுவரை நீண்டது, கடக்க எவ்வளவு நேரம் பிடித்தது, யாரைத் திருப்பி அனுப்பினார்கள், என்ன காரணம் சொன்னார்கள். பெரும்பாலும் காரணமே சொல்வதில்லை. சாவடியின் கொடுமை அடிப்பதில் இருப்பதைவிடக் காத்திருக்க வைப்பதில்தான் அதிகம். அடி விழுந்தால் செய்தியாகும். காலை ஏழு மணி வேலைக்குப் போக, நள்ளிரவு தாண்டியதும் வீட்டை விட்டுக் கிளம்பி இரும்புக் கூண்டுக்குள் நெரிபடும் கொத்தனார் செய்தியாவதில்லை.

அந்தக் கூண்டின் முடிவில் ஒரு சுழல்கதவு இருக்கும். நம் மெட்ரோ நிலையங்களில் பார்ப்பது போல, ஆனால் ஆள் உயரத்துக்கு. இஸ்ரேலுக்குள் இத்தகைய கதவுகளின் கம்பி நீளம் 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கும். மேற்குக்கரை, காஸா சாவடிகளுக்கு 55 சென்டிமீட்டரில் செய்யச் சொன்னார்கள். உள்ளே போகிறவர் உடலோடு கம்பி ஒட்ட வேண்டும், ஆடைக்குள் எதையும் மறைத்திருக்கக் கூடாது என்பது கணக்கு. கைக்குழந்தையோடு வரும் தாயும், மூட்டையோடு வரும் முதியவரும், வயிற்றுப்பிள்ளைக்காரியும் அதற்குள் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். இதில் சிப்பாய் நல்லவனா கெட்டவனா என்ற கேள்விக்கே இடமில்லை. அவன் புன்னகையோடு வணக்கம் சொன்னாலும் கம்பி 55 சென்டிமீட்டர்தான். 2000-க்கும் 2006-க்கும் இடையில் 69 பெண்கள் சாவடிகளிலேயே பிரசவித்தார்கள் என்கிறது பாலஸ்தீனச் சுகாதார அமைச்சகத்தின் கணக்கு.

இவர்கள்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நீங்கள் போய் நிற்பதால் சாவடி கொஞ்சம் நாகரிகமாகிறது, ராணுவமும் உங்களைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறது, மொத்தத்தில் ஆக்கிரமிப்புக்கு மெருகு பூசுகிறீர்கள் என்பார்கள். அமைப்புக்குள்ளேயே இந்த விவாதம் ஓயாமல் நடந்திருக்கிறது. ராணுவமும் சாவடிகளை 'மனிதாபிமானமாக்க' கிளம்பியது உண்மை. கலந்தியாவில் புதிய முனையம் கட்டி, ரோஜாப் பூ படம் போட்டு, 'நம் அனைவரின் நம்பிக்கை' என்று மும்மொழியில் பலகை வைத்தார்கள். ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே வரிசை அப்படியேதான் இருக்கிறது என்று எழுதியவர்களும் இதே பெண்கள்தானே. அப்புறம், பாதுகாப்புத் துறை 'தடை செய்யப்பட்டவர்' என்று முத்திரை குத்தியதால் வேலைக்குப் போக முடியாமல் நிற்கும் தொழிலாளிக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுக்கிறார்கள். அவன் குடும்பம் சாப்பிட வேண்டும். விடுதலை வரும்வரை பொறுத்திரு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

வேறு வகைக் கண்காணிப்பாளர்களும் உண்டு. உலகத் திருச்சபைகள் மன்றம் அனுப்பும் தன்னார்வலர்கள் 2002 முதல் சாவடிகளில் நிற்கிறார்கள். மேற்குக்கரை நகரமான ஹெப்ரானில் 1994-இல் இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேர் கொல்லப்பட்ட பிறகு, நார்வே தலைமையில் ஒரு சர்வதேசக் குழு வந்தது. அந்தக் குழுவின் அறிக்கைகள் சம்பந்தப்பட்ட அரசுகளுக்கு மட்டுமே போயின, பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. அவ்வளவு அடக்கி வாசித்தும், 2019 ஜனவரியில் நெதன்யாகு அதன் அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட்டார். அதே ஹெப்ரானில்தான் 2016 மார்ச்சில், கத்தியால் தாக்கிவிட்டுக் காயம்பட்டு அசைவற்றுக் கிடந்த ஒரு பாலஸ்தீனரை ஒரு சிப்பாய் தலையில் சுட்டுக் கொன்றதை பெட்செலெம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பின் தன்னார்வலர் படம்பிடித்தார். வீடியோ இருந்ததால் வழக்கு நடந்தது. கொலைக்குத் தண்டனை பதினெட்டு மாதம். ஒன்பது மாதத்தில் வெளியே வந்துவிட்டான்.

இப்போது அந்த ஊர்ச் சாவடியில் முகத்தை அடையாளம் காணும் 'ரெட் வுல்ஃப்' என்ற கருவி இருப்பதை ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்பு 2023-இல் வெளிப்படுத்தியது. பாலஸ்தீனரின் முகம் அவர் சம்மதம் இல்லாமலேயே பதிவாகிறது. போகலாமா கூடாதா என்பதைத் திரையில் வரும் நிறம் காட்டுகிறது. பக்கத்தில் நின்று 'இவரை ஏன் நிறுத்தினாய்?' என்று ஒரு பாட்டி கேட்டால், சிப்பாய் திரையைக் காட்டுவான். திரையிடம் யார் கேட்பது? தன்னார்வலர்களுக்கு இனி இதுதான் கடினமான வேலை என்று நினைக்கிறேன்.

காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். இஸ்ரேலுக்கு வேலைக்குப் போன தொழிலாளர்களில் பெரும்பாலோரின் அனுமதி போய்விட்டது. ஊர் முகப்புகளில் இரும்புக் கதவுகள் முளைத்திருக்கின்றன. மேற்குக்கரையில் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஒலிவ மரங்களுக்குப் போகும் விவசாயக் கதவுகளில் பல திறக்கப்படுவதே இல்லை. சர்வதேச நீதிமன்றம் அந்தச் சுவரை 2004-இலேயே சட்டவிரோதம் என்றது. 2024 ஜூலையில் ஆக்கிரமிப்பையே சட்டவிரோதம் என்றது.

மஹ்சோம் வாட்ச் அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடைக்கின்றன. அடுத்த முறை அங்கிருந்து ஒரு வீடியோவைப் பகிரும்போது, ஏதாவது ஒரு சாவடியின் ஏதாவது ஒரு நாள் அறிக்கையையும் முழுதாக வாசியுங்கள். பெரிதாக எதுவும் நடக்காத நாளாகப் பார்த்து எடுத்தால் இன்னும் நல்லது.