ஒத்தைக் கொம்பும் மலைநெருப்பும்

மலைக்கு மலை தீ தாவிப் போகுமே, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் படத்தில், அந்தத் துண்டை மட்டும் இந்த வாரம் நான்கு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பது விநாடி ரீல்ஸ், மேலே "புல்லரிக்குது" என்று ஒரு வரி. அனுப்பியவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எல்லாம் பிரியத்தில் அனுப்பியது. ஆனால் இப்படி வெட்டி எடுத்துக் கேட்பது அந்தப் படங்களுக்கு இசையமைத்த ஹோவர்ட் ஷோர் என்ற மனிதர் செய்து வைத்திருக்கும் வேலைக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். அங்கே நமக்குப் புல்லரிப்பதன் காரணம் அந்த முப்பது விநாடிக்குள் இல்லை. ஐந்து மணி நேரத்துக்கு முன்னால், முதல் படத்தில் இருக்கிறது.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. என் தாய்மாமன் காதால் கேட்டுச் சொன்னது.

எங்கள் ஊர் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி. வீட்டில் பேசுவது தமிழ், வேலை நடப்பது மலையாளத்தில், திருவிழா என்றால் செண்டை. மாமா மேளத்தில் கொம்பு ஊதுகிறவர். அரை வட்டமாக வளைந்து தலைக்கு மேல் போகும் அந்தப் பித்தளைக் கொம்பை நாற்பது வருடமாகத் தூக்கி ஊதி, இடது தோள் கொஞ்சம் இறங்கியே நிற்கும். மழைக்காலத்தில் மேளம் கிடையாது. அப்படி ஒரு ஆடி மாதத்தில், மூன்று ராத்திரி, ராத்திரிக்கு ஒரு படமாக அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கதையை நான் இடையிடையே சொன்னேன். போகப் போக அவர் கையமர்த்திவிட்டார். "சும்மா இரு மாப்ள, பாட்டுலயே தெரியுது."

முதல் படத்தில் ரிவெண்டெல் சபை. மோதிரத்தை என்ன செய்வது என்று எல்லா இனத்தாரும் கூடிப் பேசுகிறார்கள். கோண்டோர் நாட்டு போரோமிர் எழுந்து தன் மக்கள் சிந்திய ரத்தத்தைப் பற்றிப் பேசும்போது, பின்னால் ஒரே ஒரு கொம்பு மெல்ல ஒரு மெட்டை ஊதும். சோர்ந்துபோன நாட்டின் மெட்டு. பேச்சுக்கு அடியிலேயே வந்து அடியிலேயே போய்விடும். நான் இத்தனை தடவை பார்த்தும் அதைத் தனியாகக் கவனித்ததில்லை. மாமா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் ராத்திரி தீ எரிகிறது. கோண்டோரின் தலைநகர் மினாஸ் டிரித்தில் முதல் நெருப்பு, அடுத்த சிகரத்தில் ஒன்று, பனிக்கு மேல் இன்னொன்று. கிட்டத்தட்ட பேச்சே கிடையாது. தந்திக் கருவிகள் ஓட ஓட, பித்தளை வாத்தியம் மொத்தமும் சேர்ந்து ஒரு மெட்டை எடுத்தது. மாமா என் தொடையில் ஓங்கி ஒரு அடி.

"டேய், இது அவன் ஒத்தையா ஊதினதுல்ல?"

அதே மெட்டுதான். யாரும் துணைக்கு வராத நாடு என்று ஒற்றைக் கொம்பில் கேட்டது, இப்போது துணை கேட்டு மலை மலையாகக் கத்துகிறது. முதல் ராத்திரி அந்தத் தனிமையைக் காது வாங்கி வைத்திருந்ததால்தான் இந்த இரைச்சலுக்கு அர்த்தம் வருகிறது. ரீல்ஸில் பார்க்கிறவனுக்குக் கிடைப்பது சத்தம் மட்டும்.

எங்கள் பக்கக் கோயில்களின் செண்டை மேளமான பஞ்சாரி மேளம் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. முதல் காலத்தில், அதாவது மிக மெதுவான முதல் கட்டத்தில், தாளத்தின் ஒரு சுற்று 96 அட்சரம். அடுத்து 48, பிறகு 24, 12, கடைசியில் 6. முதல் காலம் நகரவே நகராது. பையன்கள் ஐஸ் வாங்கப் போய்விடுவார்கள், ஐந்தாம் காலத்தில் கூட்டம் கையைத் தூக்கி வீசும்போது ஓடி வருவார்கள். மாமாவுக்கு அதில்தான் மனத்தாங்கல். பதிகாலத்தில், அந்த முதல் காலத்தில், நின்றவனுக்குத்தான் கடைசியில் கை தானாக மேலே போகும் என்பார்.

ஷோர் ஒவ்வொரு இனத்துக்கும் ஊருக்கும் ஒரு மெட்டு, ஒரு வாத்தியம், ஒரு குரல் என்று கொடுத்திருக்கிறார். லண்டன் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது பெரும்பகுதி. ரோஹன் குதிரைக்காரர்களுக்கு நார்வே நாட்டு ஹார்டாங்கர் ஃபிடில். வில் படும் தந்திகளுக்கு அடியில், சித்தாரில் இருப்பதுபோல, தொடாமலே அதிரும் தந்திகள் உண்டு. அந்த அதிர்வில் ஒரு வெட்டவெளிக் காற்று இருக்கிறது. மோரியா சுரங்கத்தில் அடித்தொண்டை ஆண்குரல்கள், பாடுவது மூலக்கதையை எழுதிய டோல்கீன் குள்ளர்களுக்காகக் கட்டிய மொழியில். ஒரு வார்த்தை நமக்குப் புரியாது, ஆனால் இது பாறைக்குள் வாழ்ந்தவர்களின் பேச்சு என்று நம்பிவிடுகிறோம். இரண்டு மொழிக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்த நம்பிக்கை ரொம்பப் பிடிக்கும்.

எதிரிப் படை கிளம்பும் கோட்டையான ஐசன்கார்டுக்கு ஐந்து எண்ணிக்கை. இரும்பை இரும்பில் அறையும் சத்தம், மேலே பித்தளை. மாமா விரல் விட்டுப் பார்த்தார்: தகதகிட, தகதகிட. "படை நடந்து போறப்ப நாலுல்ல வரணும்?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு காலால் நடக்கிறவனுக்கு இரண்டோ நாலோதான் ஒத்து வரும். ஐந்தில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் மாறிப் போகும். மனுஷ நடைக்கு ஒவ்வாத ஒன்று நம்மை நோக்கி வருகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

மோதிரத்தை அழிக்கக் கிளம்பும் ஒன்பது பேர் கூட்டணிக்கும் ஒரு மெட்டு உண்டு. சொந்த ஊரான ஷயரை விட்டு ஃப்ரோடோ, சாம் இரண்டு பேர் கிளம்பும்போது துணுக்காக வரும், ரிவெண்டெலில் ஒன்பது பேரும் சேர்ந்தபின் முழுதாக எழும், மோரியாவில் மந்திரவாதி காண்டால்ஃப் விழுந்தபிறகு உடைந்துதான் வரும்.

இந்த மாதிரி மெட்டைச் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுப்பது நமக்கு அந்நியம் கிடையாது. பாட்டில் வந்த மெட்டை இளையராஜா பின்னால் ஒரு சோகக் காட்சியில் ஒற்றைப் புல்லாங்குழலில் கொண்டு வரும்போது தியேட்டரே அடங்கிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். இப்போது வரும் பெரிய பட்ஜெட் சரித்திரப் படங்கள் பலவற்றில் முதல் காட்சியிலேயே ஐந்தாம் காலம். நாயகன் எழுந்தால் ஒரு இடி, நடந்தால் ஒரு இடி. படம் முடிந்து பைக்கை எடுக்கும்போது முணுமுணுக்க ஒரு வரி இருக்காது. இவ்வளவு திறமையான வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறார்களே என்று உண்மையாகவே வலிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தீ எரியும் காட்சிகூட இல்லை. ஷயர் மெட்டை முதல் படத்தில் தகரக் குழலில் ஊதுவார்கள், ஊர்ப்பையன் ஊதுவதுபோல இருக்கும். மூன்றாம் படத்தில் எரிமலைச் சரிவில், மோதிரத்தைச் சுமந்து வந்த ஃப்ரோடோ எழ முடியாமல் கிடக்கிறான். ஊர் ஞாபகம் இருக்கா, சீக்கிரம் வசந்தம் வந்துவிடும், முதல் ஸ்ட்ராபெரி தின்பார்கள் என்று சாம் பேசிக்கொண்டே போகிறான். அப்போது அதே மெட்டு, ஆனால் தகரக் குழல் இல்லை. ஜேம்ஸ் கால்வே வாசிக்கும் முழு ஃப்ளூட். பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், ஊர் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

நான் சாம் பேசியதை மாமாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வாசற்படியிலேயே நின்று மீதிக் காட்சியைப் பார்த்தார்.

கும்ப மாதத்தில், நம் மாசியில், எங்கள் கோயிலில் கொடியேற்றம். வருகிறவர்கள் பதிகாலத்துக்கே வந்துவிடுங்கள், மாமா வலது ஓரத்தில் நிற்பார்.