சிங்கப்பூர் வானத்துக்கு 40 எம்எம் ஐபீஸ் எதுக்கு?

புதுசா டெலஸ்கோப் வாங்கின தம்பி ஒருத்தர் போன வாரம் போன் போட்டாரு. "அண்ணே, வானத்துல பெரிய ஏரியா காட்டுற ஐபீஸ் ஒண்ணு வேணும், 40 எம்எம் போட்டுடலாமா?" (ஐபீஸ்னா டெலஸ்கோப்ல நாம கண்ணை வைக்கிற லென்ஸ் துண்டு, எம்எம் அதோட ஃபோக்கல் லெங்த், அது கூடக் கூட பவர் குறையும்.) வேணாம்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன், எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டு விளக்க முடியுமா, அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நானும் முதல்ல அதே 40-ஐ வாங்கினவன்தான். என்கிட்ட இருக்குறது 8 இஞ்ச் கண்ணாடி வச்ச டாப்சோனியன் (தரையில வச்சுக் கையால திருப்புற டெலஸ்கோப்), ஃபோக்கல் லெங்த் 1200 எம்எம், எஃப்/6 (ஃபோக்கல் லெங்தைக் கண்ணாடி அகலத்தால வகுத்தா வர்ற எஃப் நம்பர்). 1200-ஐ 40-ஆல வகுத்தா 30 மடங்கு, பவர் குறைஞ்சா வானம் நிறையத் தெரியும், கணக்கு சரிதானேன்னு செகண்ட் ஹேண்டுல பிளோசல்ங்கிற சாதாரண டைப் ஐபீஸ் ஒண்ணைப் பிடிச்சேன். ஈசூன்ல எங்க புளோக் பக்கத்து மாடிக் கார்பார்க் உச்சிக்கு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போய் கண்ணை வச்சா, பப்பாளிக் குழாய் வழியா பாக்குற மாதிரி இத்தினியூண்டு வட்டம், அதுக்குள்ளயும் கறுப்பு கிடையாது, ஒரு சாம்பல், அதுல நாலஞ்சு புள்ளி. வாக்கிங் வந்த சீன அங்கிள் ஒருத்தர் ஆசையா குனிஞ்சு பாத்துட்டு "வெரி பிளர் லா"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு. எனக்குன்னா ஒரே அவமானம்.

என்ன நடந்துச்சுன்னா, ஐபீஸை டெலஸ்கோப்ல சொருகுற 1.25 இஞ்ச் பேரலுக்குள்ள ஓட்டை அவ்வளவுதான். தெரியுற வட்டத்துக்கு எல்லை கட்டுற ஃபீல்டு ஸ்டாப் வளையம் 27 எம்எம்-க்கு மேல போக வழியில்ல. அதனால 40 எம்எம் பிளோசலும் சரி, 32-உம் சரி, 68 டிகிரி (கண்ணு வச்சா முன்னாடி விரியுற ஜன்னலோட அகலம்) போட்ட 24 எம்எம்-உம் சரி, என் டெலஸ்கோப்ல மூணும் காட்டுறது ஒரே அளவு வானம், சுமார் 1.3 டிகிரி. நிலா அரை டிகிரி, ரெண்டரை நிலாவை வரிசையா அடுக்கின அகலம்னு வச்சுக்குங்க. 40-ல அதே வானத்தை 43 டிகிரி ஜன்னல்ல சுருக்கிக் காட்டுறான், 24-ல 68 டிகிரிக்கு விரிச்சுக் காட்டுறான். ஒரு இம்மி வானம்கூட கூடுதலா கிடைக்காம நான் குழாய்க்குக் காசு குடுத்திருக்கேன்!

இது போதாதுன்னு எக்சிட் பியூப்பில். ஐபீஸ்லேந்து வெளிய வர்ற ஒளிக்கத்தையோட அகலம், ஐபீஸ் எம்எம்-ஐ எஃப் நம்பரால வகுத்தா வந்துடும். 40-ஐ 6-ஆல வகுங்க, 6.7 எம்எம். சின்னப் பசங்க கண்ணு நல்ல இருட்டுல 7 எம்எம் வரைக்கும் திறக்கும், ஐம்பதைத் தாண்டின எனக்கு 5 வந்தாலே பெருசு. மிச்ச வெளிச்சம் கண்ணு ஓரத்துல பட்டு வீணாப் போகுது. 5-ஐ 30 மடங்கோட பெருக்கினா 150, அதாவது 8 இஞ்ச் கண்ணாடிக்குக் காசைக் குடுத்துட்டு 6 இஞ்ச்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுலயும் நம்ம ஊரு வானம் இருக்கே! 2016-ல வந்த உலக ஒளிமாசு அட்லஸ்ல உலகத்துலயே மோசம்னு சிங்கப்பூரைத்தான் போட்டான், இங்க இருக்குற அத்தனை பேருமே கண்ணு முழுசா இருட்டுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சத்துக்குக் கீழதான் இருக்கோமாம். அப்புறம் 7 எம்எம் கதையெல்லாம் எதுக்கு?

இங்கதான் 24 ஜெயிக்குது. 50 மடங்கு, எக்சிட் பியூப்பில் 4. பவர் ஏறும்போது வானத்துச் சாம்பல் விரிஞ்சு மங்குது, நட்சத்திரம் வெறும் புள்ளி, அது மங்குறதில்ல. 32-லேந்து 24-க்கு மாத்தினாலே பின்னணி வெளிச்சம் மூணுல ரெண்டு பங்குக்குக் கீழ இறங்கிடும். முதல் தடவ கார்த்திகையை அதுல பாத்தப்ப ஆறு மீனும் நெருக்கிப் பிடிச்ச மாதிரி உள்ள அடங்கி, நடுவுல பொடிப்பொடியா இன்னும் எவ்வளவோ, பின்னாடி கிட்டத்தட்ட கறுப்பு. (கார்த்திகை நல்லா ஏறி வர்ற மாசம்தான் இங்க மழையும் கொட்டும், அந்தக் கொடுமையை யாருகிட்ட சொல்ல.) விருச்சிகத்தோட வால் பக்கம் இருக்குற எம்7ங்கிற நட்சத்திரக் கூட்டம் மட்டும் ஓரத்துல லேசா இடிக்கும்.

அப்ப 2 இஞ்ச் பேரல் ஐபீஸ் வேணவே வேணாமான்னா, மலேசியாவுல இருட்டா இருக்குற மெர்சிங் பக்கம் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போறவங்க வாங்குங்க. அதுல 46 எம்எம் வரைக்கும் ஃபீல்டு ஸ்டாப் போகும், என் டெலஸ்கோப்ல 2.2 டிகிரி, அந்த இருட்டுல அது வேற உலகம். ஆனா மலிவான 38 எம்எம் 70 டிகிரி எல்லாம் நடுவுல நல்லாயிருக்கும், ஓரத்துக்குப் போகப் போக நட்சத்திரம் காக்கா றெக்கை விரிச்ச மாதிரி ஆயிடும். ஓரம் வரைக்கும் கூர்மையா வேணும்னா ஐபீஸ் வடிவமைச்ச அல் நாக்லர் 1980 வாக்குல கொண்டு வந்த 82 டிகிரி டைப்புக்குப் போகணும். அதுல 31 எம்எம் ஒண்ணே ஒரு கிலோ, டாப்சோனியன்ல மாட்டினா மூக்கு தரையைப் பாத்துக் குனியும், பின்னாடி காந்தம் ஒட்டி சமாளிக்கணும். விலையைக் கேட்டா வீட்டுல அம்மணி முகத்தைப் பாக்க முடியாது.

கண்ணாடி போடுறவங்க, முக்கியமா கண்ணுல அஸ்டிக்மாடிசம் (விழி வளைவுல கோணல்) இருக்குறவங்க, 24-ஐ வாங்குறதுக்கு முன்னாடி கண்ணாடியோட ஒரு தடவ வச்சுப் பாருங்க. வட்டம் முழுசாத் தெரியலன்னா 32 பிளோசலே போதும், கண்ணைத் தள்ளி வச்சே பாக்கலாம், விலையும் கம்மி. நெபுலா ஃபில்டர் (வானத்து மேகக்கூட்டம் எடுப்பாத் தெரிய மத்த வெளிச்சத்தை வடிகட்டுறது) போட்டுப் பாக்குறவங்களுக்கும் 32 உதவும், ஃபில்டர் ஏற்கனவே வெளிச்சத்தைக் குடிச்சுடும், அங்க பெரிய எக்சிட் பியூப்பில் தப்பில்ல.

இன்னொண்ணு, எதை வாங்கினாலும் கேமராக்காரங்க வச்சிருக்குற, ஈரத்தைக் குறைக்கிற ட்ரை கேபினெட் ஒண்ணு வாங்கி 40, 50 சதவீத ஈரப்பதத்துல வைங்க. என் 40-ஐ ஒரு வருஷம் அலமாரி டிராயர்ல போட்டு மறந்துட்டேன், எடுத்துப் பாத்தா லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. தம்பி, காசு கட்டுறதுக்கு முன்னாடி மழை இல்லாத ராத்திரியாப் பாத்துக் கார்பார்க் உச்சிக்கு வாங்க, பூஞ்சையோட 40-ஐயும் எடுத்துட்டு வரேன், 24-ஐயும் எடுத்துட்டு வரேன், ஒரே நட்சத்திரக் கூட்டத்தை ரெண்டுலயும் மாத்தி மாத்திப் பாத்துட்டுச் சொல்லுங்க.