மார்ச் மாசத்துலயா மாத்துவாங்க?

ஆபீஸ்ல கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேரை எடுத்துட்டு புதுசா வேற ஒண்ணு போட்டுட்டாங்க. போடட்டும், யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா மார்ச் மாசத்துலயா? வருஷக் கணக்கு முடிக்கணும், 20-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-3பி, அதான் மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், போடணும். இதுக்கு நடுவுல ஒரு மணி நேர ஜூம் ட்ரெயினிங், அவ்வளவுதான்.

அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு டேலியில எஃப்8 கீயை அடிச்சா சேல்ஸ், எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசீட்டுன்னு விரலுக்கே பழகிப்போச்சு. ஸ்க்ரீனைப் பார்க்காமலே என்ட்ரி போடுவாங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ ஆபீஸையே தாங்கினது அவங்கதான். இப்போ சேவ் பட்டன் எங்கேன்னு தேடறாங்க. சந்தேகம் கேட்டா, "இதுகூடத் தெரியாதா?"ன்னு எல்லார் முன்னாடியும் மேனேஜர் கேக்கறாரு. பத்திக்கிட்டு வருது எனக்கு.

கொஞ்ச நாள் பழசும் புதுசும் சேர்ந்து ஓடட்டுமே. பக்கத்துல உக்காந்து சொல்லித்தர ஒரு ஆளைப் போடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?