கல் தூசிக்கு எந்தப் பொடியும் கேட்காது

கொரோனா வந்துபோனதிலிருந்து எங்கள் கிருஷ்ணகிரி பக்கம் ‘எதிர்ப்பு சக்தி’ என்று எழுதி ஒட்டினால் எந்தப் பொடியும் விற்றுவிடுகிறது. சரி, விற்கட்டும். குவாரிக்கும் கிரஷருக்கும் பாலிஷ் பட்டறைக்கும் போகிறவர்கள் வீட்டிலும் அந்த டப்பாவைப் பார்க்கும்போதுதான் எரிச்சலாக வருகிறது. வாங்குகிறவர்கள் மேல் இல்லை, விற்கிறவர்கள் மேல்.

கிரானைட்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கல்லை அறுக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிச் சளியோடு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடியில் இருக்கும் காற்றுப் பைகள் வரை போகிறது. அங்கே கிருமியை விழுங்குவதற்கென்றே இருக்கும் செல்கள் இதையும் விழுங்கிவைக்கின்றன, செரிக்க முடியாமல் செத்துப்போகின்றன, உள்ளே இருந்த சிலிக்கா வெளியே வந்து அடுத்த செல்லைப் பிடிக்கிறது. இப்படியே வருஷக்கணக்கில் நடந்து அந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகிவிடும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது, வேலையை விட்ட பிறகும் முற்றலாம். கிருமியைப் பிடிக்கிற செல்களே போய்விடுவதால் காசநோயும் சுலபமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று இன்னும் சொல்கிறார்கள். வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசி இருப்பது நெஞ்சில், இரண்டுக்கும் வழியே வேறு! களியும் கீரையும் நல்ல தூக்கமும் உடம்புக்கு நல்லதுதான், யார் இல்லையென்றது? பீடியை விட்டால் இன்னும் நல்லது, சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகளை அது முடக்கிப்போடுகிறது.

மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு பொடித்தூசியை நிறுத்தாது. முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால் என்-95 மாஸ்க் காக்கும், ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க டிரில்லிங் போடச் சொல்கிறவர்கள் ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கட்டும். அதனால் நான் முதலில் கேட்பது தண்ணீர். அறுக்கும்போதும் துளை போடும்போதும் தண்ணீர் விட்டால் தூசி பெருமளவு அடங்கும், அது முதலாளி செய்ய வேண்டிய செலவு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே சிலிகோசிஸ் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது, பார்க்கிற டாக்டர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க முதலில் யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சளிப் பரிசோதனை இலவசம், காசநோய் என்றால் மருந்தும் இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அங்கே போய் ‘கூலி வேலை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வேலை, கட்டிங்கா டிரில்லிங்கா, எத்தனை வருஷம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் காசநோயும் சிலிகோசிஸும் பல நேரம் ஒரே மாதிரிதான் தெரியும், கல் வேலை என்று தெரிந்தால்தான் அவருக்கு அந்தச் சந்தேகமே வரும்.