எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்துமாம்!

ஹேண்டில்பார் பை விற்கிறவர்களில் பாதிப் பேராவது, அதை மாட்டிக்கொண்டு ஒரு முறை செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் ‘எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும்’ என்று எழுதக் கை வருகிறதா பார்ப்போம்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். இங்கே சைக்கிள் கடை என்றால் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள், அப்புறம் அம்மாமார் பாசாருக்குப் போகிற கூடை வைத்த சைக்கிள், அவ்வளவுதான். கடை முதலாளி, எங்கள் தவுக்கே, தங்கமான மனிதர். நெடுந்தூரம் போக முன்பக்கப் பை வேண்டும் என்று கேட்டால் கூடையைத்தான் காட்டுவார். ஈப்போவுக்குப் போனால் பந்தயச் சைக்கிள் கடைகள். அங்கே பை என்பது சீட்டுக்கு அடியில் ஒரு டியூப் செருகும் சின்ன உறை. மிச்சம் இருப்பது கைப்பேசிதான். படத்தைப் பார்த்து, விலையைப் பார்த்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு வாங்க வேண்டும்.

படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. மாட்டிப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. எல்லா ஹேண்டிலும் ஒரே தடிமன் என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஹேண்டிலைச் சைக்கிளோடு சேர்க்கிற துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். பழைய சைக்கிள்களில் அந்த ஸ்டெம் பிடிக்கிற இடம் 25.4 மில்லிமீட்டர். இப்போது வருவதில் பெரும்பாலும் 31.8. அதுவும் நடுவில் கொஞ்ச இடம்தான். அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்துகொண்டே போய், நேர் ஹேண்டிலில் கைப்பிடி வரும் இடத்தில் 22.2 ஆகிவிடும். ஹேண்டிலைக் கவ்வுகிற பையின் கிளாம்புக்கு இரண்டு கை, ஸ்டெம்முக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவை போய் உட்காருவது சரியாக அந்தச் சரிவின்மேல்! உள்விளிம்பு கடித்துக்கொண்டு நிற்கும், வெளிவிளிம்பில் நகம் நுழையும். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால், ஸ்க்ரூவைச் சுற்றிப் பிளாஸ்டிக் வெளுக்க ஆரம்பிக்கும். விட்டுவிட்டால், செம்பனைக் குலை லோரி தோண்டிவைத்த முதல் குழியில் பை தலையைத் தொங்கப்போடும், அடுத்த குழியில் டயரில் உரசும்.

இடையில் வைக்க ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அதுகூடப் பெட்டியில் கிடையாது. 1877இல் ரப்பர் கன்று கொண்டுவந்து நட்ட கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். தாத்தா பாட்டி காலம் முழுவதும் பால்மரம் வெட்டியே போனது. அந்த மண்ணில் நின்றுகொண்டு, ஒரு விரல் அகல ரப்பருக்காக நான் பழைய டியூபைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, தடிமன் ஒத்துப்போனது என்றே வைத்துக்கொள்வோம். கேபிளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நேர் ஹேண்டிலில் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் முன்னால் வளைந்துதான் இறங்கும். பை உட்கார வேண்டிய இடமும் அதுவே. பை கேபிளை அழுத்தினால், ஹேண்டிலைத் திருப்பும்போது கியர் தானாகத் தாவும். கேபிள் உரசி உரசி முன் குழாயில் பெயின்ட் போகும். வளைந்த ஹேண்டில் வைத்திருக்கிற நண்பர் பாடு வேறு. அவருடைய ஹேண்டிலே 42 சென்டிமீட்டர் அகலம்தான். கியர் மாற்ற பிரேக் லீவரை உள்பக்கம் தள்ள வேண்டும். அகலமான பை இருந்தால் விரல் போய் அதில் முட்டும். பையின் அகலத்தைப் போடவே மாட்டார்கள். லிட்டர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். லிட்டரை வைத்து நான் என்ன செய்ய, பால் வாங்கவா?

அடுத்தது விளக்கு. 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து, நமக்குச் சூரியன் எட்டிப் பார்ப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். வெயிலுக்கு முந்தி லெங்கோங் பக்கம் போய்ச் சேர வேண்டுமானால் இருட்டில்தான் கிளம்ப வேண்டும். ஹேண்டிலில் விளக்கு, அதற்கு முன்னால் பை. வெளிச்சம் முழுக்கப் பையின் முதுகில்! சாலை தெரியாது, பையின் தையல் மட்டும் பளிச்சென்று தெரியும். விளக்கை, முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் தலைக்கு இறக்க வேண்டும். அதற்கு இன்னொரு பிராக்கெட், இன்னொரு பார்சல், இன்னொரு அனுப்புக் கூலி.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுகிறார்களா? ஒழுங்கான தயாரிப்பாளர்கள் ஐந்து கிலோ, ஏழு கிலோ என்று எல்லை போட்டிருப்பார்கள். பலர் கார்பன் ஹேண்டிலில் மாட்டாதே என்றும் எச்சரிப்பார்கள். அந்த எடை உயரத்தில், ஹேண்டிலுக்கும் முன்னால் தொங்குகிறது. மேட்டில் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் சாயும், இறக்கத்தில் வேகம் பிடித்தால் ஹேண்டில் நடுங்கும். கேமராவும் பூட்டும் பவர்பேங்க்கும் அதில் போட்டுக் கீழே இறங்குகிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டாமா? பிரெஞ்சுக்காரர்கள் முன்பையை ஒரு சின்ன ராக்கின் மேல் உட்காரவைத்து, ஃபோர்க்கின் வளைவைக்கூட அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி அமைத்தார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் தவுக்கே கடைக் கூடையையே பாருங்கள். அடியிலிருந்து இரண்டு கம்பி இறங்கி முன்சக்கர அச்சில் நிற்கிறது. பாரம் அச்சுக்குப் போகிறது. மீனும் கீரையும் அரிசியும் ஏற்றி எத்தனை வருஷம் ஓட்டினாலும் அது தலை குனிவதில்லை. நூற்றுக்கணக்கில் வெள்ளி வாங்குகிற பை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் விரலில் தொங்குகிறது!

நல்லதே இல்லை என்று சொல்லவில்லை. கிளிக்ஃபிக்ஸ் போன்ற ஜெர்மன் அடாப்டரில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று சுற்றி வரும். கிளாம்ப் கீழே சுழலாமல் அதுதான் பிடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் பை கையோடு வந்துவிடும், ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கும்போது மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கம்பி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மலிவுப் பைக்காரர்கள் பொத்தானைக் காப்பியடித்துவிட்டுக் கம்பியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

மூடியும் அப்படித்தான். ஓட்டுகிறவன் பக்கம் திறக்கிற மூடி எவன் யோசனை? திறந்தால் நெஞ்சில் இடிக்கும், கையை விட இடம் இருக்காது. மூடி அந்தப் பக்கம் சாய வேண்டும். மழைக்குத் தாங்கும் என்ற ஜிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், பேராக்கில் பிற்பகல் மழை எப்படி இறங்கும் என்று அந்த ஜிப்புக்குத் தெரியாது.

நேற்று ஒரு விற்பனையாளரிடம் மூன்றே எண் கேட்டேன்: கிளாம்ப் எத்தனை மில்லிமீட்டர் வரை பிடிக்கும், இரண்டு கைக்கும் நடுவே எவ்வளவு, எத்தனை கிலோ தாங்கும். அளவுக்கருவியை என் ஹேண்டிலில் வைத்துப் படமும் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: ‘போலே, போஸ்! (முடியும், முதலாளி!) கறுப்பா, சாம்பலா?’