பங்களாவ பாத்தாச்சுன்னா அப்படியே கீழ லயத்தையும் பாருங்க

இலங்கை மலைநாட்டுல இருக்கிற மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துல தண்ணி வத்தினாலே ஆரம்பிச்சிருவாங்க. பேஸ்புக்க தொறந்தா ட்ரோன் வீடியோ, பின்னாடி சோக மியூசிக், அணை கட்டினப்ப முழுகிப்போயி இப்ப தண்ணிக்குள்ள இருந்து வெளிய தெரியிற பழைய மஸ்கெலியா டவுன், கோவில் செவரு, அதோட சேத்து கரையில இடிஞ்சு கெடக்கிற பழைய தொரை (தேயிலைத் தோட்ட மேனேஜர்) பங்களா. கொழும்புல இருக்கிற என் மச்சான் அத பாத்துட்டு கட்டாயம் போகணும்னு ஒரே புடியா நின்னான், கூட்டிக்கிட்டு போனேன். எனக்கு அந்த பங்களா புதுசு இல்ல, சின்ன வயசுல கொய்யாக்கா பறிக்க போன எடம்தான், ஆனா வெளியாள் ஒருத்தன் கூட போயி நின்னப்பதான் கோவம் கோவமா வந்துச்சு.

கூரை எப்பவோ போயிருச்சு. கருங்கல் செவரும் ஹோல்ல குளிர்காயிற அடுப்பும் மட்டும்தான் மிச்சம், அட்டைக்கடி வேற. மச்சான் வராந்தா இருந்த எடத்துல நின்னுக்கிட்டு "என்னா வாழ்க்கைடா, காலையில எந்திரிச்சு லேக்க பாத்துக்கிட்டே டீ குடிச்சிருப்பானுங்க"ன்னான். எந்த லேக்கு? மவுஸ்ஸாக்கலை அணைக்கட்டு முடிஞ்சதே 1969லதான், அந்தப் பக்கம் இருக்கிற காசல்ரீ அணை 1965. வெள்ளக்காரன் இந்த பங்களாவ கட்டின காலத்துல கீழ மஸ்கெலியா ஓயா ஓடிக்கிட்டு இருந்துச்சு, சுத்தி தேயிலை, டவுன், கோவில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் இருந்துச்சு. தொரை மேல இருந்து பாத்தது தண்ணிய இல்லங்க, எந்த மலையில ஆள் நிக்குது, எவன் பிரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கிறது) லேட்டுன்னு பாத்தாரு. இன்னைக்கு குளக்கரை பங்களான்னு ஒரு ராத்திரிக்கு ஒரு தொழிலாளியோட பல மாச சம்பளத்த வாங்குற ஹோட்டல்கள் நெறைய இந்த மாதிரி கதைதான், குளம் பின்னாடி வந்தது.

பின்பக்கம் கூட்டிக்கிட்டு போயி குசினி (சமையக்கட்டு) இருந்த எடத்த காட்டினேன். தனிக்கட்டடம், பங்களாவுக்குள்ள போக ஒரு ஒடுக்கமான கதவு. எங்க அம்மாயியோட அண்ணன் ஒரு பங்களாவுல அப்புவா (சமையக்காரரா) இருந்தவரு, அத்தன வருஷத்துல முன்வாசல் பக்கம் கால் வச்சதே இல்லன்னு சாகுற வரைக்கும் பெருமையா சொல்லுவாரு. அதுல பெருமைப்பட என்னா இருக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கல்ல.

சரி, விஷயத்துக்கு வாறேன். அந்த பங்களாவுல இருந்து கீழ எறங்கினா லயம், தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடு. அதுவும் வெள்ளக்காரன் காலத்து கட்டடம்தான், பத்துக்கு பன்னெண்டு அடி காம்பராவும் (ரூம்) முன்னாடி ஒரு இஸ்தோப்பும் (திண்ணை), தகரத்துல ஓட்டை, ஓட்டைக்கு மேல பொலித்தீன், பொலித்தீனுக்கு மேல கல்லு. ஆனா அத யாரும் ட்ரோன் விட்டு படம் புடிக்கிறது இல்ல, ஏன்னா உள்ள ஆள் இருக்கு. பாட்டி, மகன், மருமக, ஏ.எல். படிக்கிற புள்ள எல்லாம் அந்த ஒரே காம்பராவுல. பங்களாவ அம்போன்னு விட்டுட்டு போனாங்க, அது விழுந்துச்சு, இப்ப பாரம்பரியம்னு கண்ணீர் வடிக்கிறாங்க. லயம் விழாம இருக்கிறது அது நல்ல கட்டடம்ங்கிறதால இல்ல, விட்டுட்டு போறதுக்கு எங்க ஆளுங்களுக்கு வேற எடம் கெடையாது, அதனாலதான்.

அந்த அணைக்கட்டு வேலை நடந்த காலத்த நெனச்சு பாருங்க. 1948 குடியுரிமைச் சட்டத்துல இந்தியாவுல இருந்து தோட்டத்துக்கு வந்த எங்க ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க நாடில்லாதவங்க ஆயி, ஓட்டும் போயி, 1964ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம்னு உக்காந்து இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்க 3,00,000 பேர்னு பங்கு பிரிச்ச நேரம் அது. யாருக்கு கடிதாசி வரும், யாரு தமிழ்நாட்டுல இருந்த மண்டபம் கேம்புக்கு போகணும்னு தெரியாம இருந்த சனத்துக்கிட்ட டவுன் தண்ணிக்குள்ள போகட்டுமான்னு எவன் கேட்டிருப்பான்? அந்த தண்ணிதான் கென்யன், நியூ லக்ஸபான, பொல்பிட்டியன்னு ஒவ்வொரு மின் நிலையமா எறங்கி எறங்கி கரண்ட் எடுக்குது, ஆனா எங்க லயத்துல நான் குப்பி லாம்புலதான் (மண்ணெண்ண வெளக்கு) ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு படிச்சேன்.

பழச பாதுகாக்க கூடாதுன்னு நான் சொல்லல்ல. கம்பளை பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் மியூசியமா வச்சிருக்காங்க, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு போங்க, அது சரியான வேலை. இந்த பங்களாவையும் வேணும்னா திருத்துங்க. ஆனா அதுக்கு ஒதுக்குற காசுக்கு முன்னாடி லயத்துல இருக்கிறவங்களுக்கு ஏழு பேர்ச்சோ பத்து பேர்ச்சோ காணி, அதுவும் உறுதிப் பத்திரத்தோட. 2017ல மோடி நோர்வூட்ல வந்து இந்தியா இன்னும் 10,000 வீடு கட்டித் தரும்னு சொன்னப்ப கை தட்டினவன் நானும்தான், அந்த கூட்டத்துல எங்க பக்கத்துல நின்ன குடும்பம் இன்னும் அதே காம்பராவுலதான் இருக்கு.

போறவங்க போங்க. ஹட்டன்ல இருந்து மஸ்கெலியாவுக்கு பஸ் இருக்கு, சிவனொளிபாத மலை சீசன்னா சனம் நெருக்கும், காலையிலயே கெளம்புங்க. சேறு காஞ்ச மாதிரி தெரியும், கால வச்சா முட்டி வரைக்கும் போயிரும், பழைய கோவில் பக்கம் போறவங்க உள்ளூர் ஆள் ஒருத்தர கூட்டிக்கிட்டு போங்க, அவருக்கு காசும் குடுங்க. லயத்து பக்கம் வந்தா கேக்காம படம் எடுக்காதீங்க, கேட்டீங்கன்னா இஸ்தோப்புல உக்கார வச்சு தேத்தண்ணி குடுப்பாங்க, குடிச்சுக்கிட்டே கூரையையும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்க.