காடைக்கு இடம் இருந்த ஃப்ரீசர்

"ஃப்ரீசர்ல இடம் இல்லீங்க" என்ற காரணம் புதிதாக என்ன கறி விற்கலாம் என்று பேச போன ஞாயிறு கூடிய எங்கள் கடைக் கூட்டத்தில் மாட்டுக்கறி என்ற சொல் வாயில் வந்த பிறகுதான் பிறந்தது. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் காடைக்கும் வான்கோழிக்கும் அதே ஃப்ரீசரில் தாராளமாக இடம் இருந்தது. கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: பாலக்கோடு பக்கம் நாங்களாகச் சேர்ந்து நடத்தும் சின்னக் கூட்டுறவுக் கடை. தக்காளியைப் பறித்த கூலிக்குக்கூட விலை போகாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த ஒரு வருஷத்துக் கோபத்தில் ஆரம்பித்தது. ராகி மாவு, சாமை, செக்கு எண்ணெய், புளி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி. இரண்டுமே உறுப்பினர் வீட்டுப் பட்டியிலிருந்து வருவது. மேச்சேரிச் செம்மறி கொஞ்சம், சேலம் கருப்பு வெள்ளாடு கொஞ்சம்.

கறி வகையைக் கூட்டலாமா என்றால், கூட்டியே ஆகவேண்டும். கணக்கு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும். 20 கிலோ கிடா அறுத்தால் தலை, கால், குடல், தோல் போக 9, 10 கிலோ கறி தேறும். நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர அஞ்சாறு மாசம் மேய வேண்டும். பிராய்லர் 40 நாளில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். நடுவில் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடை காலி. அதனால் எங்கள் கறி விலை ஏறித்தான் நிற்கும். கூலி வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் ராகி மாவை எங்களிடம் வாங்கிவிட்டு, களிக்குக் குழம்பு வைக்கும் கறியை வேறு கடையில் வாங்குகிறார்கள்.

இரண்டு மாசமாக பில் போடும்போது ஒரு கேள்வி கேட்டு நோட்டில் எழுதி வந்தேன். "போன வாரம் வெளியில என்ன கறி வாங்கினீங்க?" அதிகம் வந்த பதில் மீன். கிருஷ்ணகிரி அணையிலிருந்து வரும் ஜிலேபி, கட்லா. அடுத்தது மாட்டுக்கறி. அப்புறம் பன்றி. காடை என்று சொன்னவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் காடைக்குஞ்சு விற்கிற ஏஜென்ட்.

ஆனாலும் காடைக்குத்தான் கை தட்டினோம். யாருக்கும் அது சங்கடம் தரவில்லை, அவ்வளவுதான். காடை எந்தத் தெருவுக் கறியும் இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் ஈமுவை மறந்துவிட்டார்களா என்றும் தோன்றியது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் அந்தக் கதை உடைந்தபோது எத்தனை குடும்பம் பணத்தை விட்டது! பறவையை வளர்ப்பவனுக்கு விற்றார்கள், அவன் இன்னொரு வளர்ப்பவனுக்கு விற்கலாம் என்றார்கள், கடைசிவரை தின்கிறவன் வரவே இல்லை. காடை அவ்வளவு மோசமில்லை, 5 வாரத்தில் கறிக்கு வந்துவிடும், ஓட்டலில் ஓடும். ஆனால் எங்கள் உறுப்பினரில் ஒருவர்கூட அதை வளர்க்கவில்லையே.

எங்கள் ஊரில் கூட்டுறவு என்ற சொல் வருவதற்கு முன்பே கூறுக்கறி இருந்தது. பத்து வீடு சேர்ந்து சந்தையில் ஒரு கிடா பிடிக்கும். வேப்பமரத்தடியில் அறுத்து, வாழையிலையில் பத்துக் கூறு போடும். எல்லாக் கூறிலும் ஈரல் ஒரு துண்டு, எலும்பு, கொழுப்பு. ஒரு கூறில் ஈரல் சின்னதாக விழுந்தால் அதில் நெஞ்செலும்பு ஒன்று கூடும். சண்டை வராமல் இருக்க, அந்தப் பக்கம் திரும்பி நிற்கிற சின்னப் பையனிடம் "இது யாருக்கு?" என்று கேட்பார்கள். என் அப்பா அப்படித் திரும்பி நின்ற பையன்.

அதே ஊரில், கிழக்கே இன்னொரு தெருவில், அதே முறையில் மாட்டுக்கறிக் கூறும் போட்டார்கள். அதே வாழையிலை, அதே நியாயம். அந்தத் தெருவும் இன்று எங்கள் கடையில் பங்கு வைத்திருக்கிறது. கூட்டத்தில் அந்தப் பக்கத்துப் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே செருப்பு மாட்டும்போதுதான் என்னிடம் கேட்டார்: "ராகியில எங்க பங்கு இருக்குது. சாமையில இருக்குது. கறின்னு வந்தா மட்டும் நாங்க டவுனுக்குப் போவணுமா கண்ணு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

சட்டம் விடாது என்று ஒருவர் சொன்னார். 1958-ம் வருஷத்து தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் கேட்பது சான்று. 10 வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, இல்லையென்றால் காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக அப்படி ஆன மாடு என்று எழுதி வாங்க வேண்டும். பசு, கிடேரி அறுப்பதற்கு 1976 அரசாணையில் தடை இருக்கிறது. இதையெல்லாம் மதித்து, அறுவைக்கூடத்திலிருந்து முறையாக வாங்கி விற்க வழி உண்டு. ஆட்டுக்கறிக்கும் உரிமம் வேண்டும்தானே, அதை எடுக்க அலைந்தோமே.

நியாயமான தயக்கமும் இருக்கிறது, அதை நான் தள்ளவில்லை. மாட்டைச் சாமியாகக் கும்பிடும் வீட்டார் அதே கத்தி பட்ட ஆட்டுக்கறியை வாங்க மாட்டார்கள். பன்றி இன்னும் சிக்கல். எங்களுக்கு ஆடு அறுத்துத் தருகிற பாய் நேராகச் சொல்லிவிட்டார்: "அதே கட்டையில வெச்சா நான் வரமாட்டேங்கம்மா. தனிக் கட்டை, தனிக் கத்தி, தனி நாளுன்னா எனக்கென்ன?" அன்றைக்குப் பேசியவர்களிலேயே உருப்படியாக யோசனை சொன்னவர் அவர்தான். புளியமரக் கட்டை இன்னொன்று வாங்க நம் மாவட்டத்தில் பஞ்சமா?

ஃப்ரீசர் பெட்டிதான் உண்மையான செலவு. உறைய வைப்பது என்றால் மைனஸ் 18 டிகிரி நிற்க வேண்டும், கரண்ட் போனாலும். எனவே இடம் இல்லை என்பது பொய்யில்லை. இரண்டாவது பெட்டி வாங்கும்வரை எந்தப் புதுக் கறியும் வேண்டாம் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் அது காடைக்கும் சேர்த்து. புதுப் பெயர்ப்பலகை எழுத ஒதுக்கிய பணத்தைப் பெட்டிக்குத் திருப்பலாம் என்பது என் கட்சி. பன்றிக்கு முதலில் முன்பதிவு மட்டும் வைத்துப் பார்க்கலாம். மீனுக்கு ஐஸ் பெட்டி போதும், வர்ற வாரமே ஆரம்பிக்கலாம்.

நான் மாட்டுக்கறி சாப்பிடுகிறவள் இல்லை, வீட்டுப் பழக்கம் அப்படி. வான்கோழியையும்தான் சாப்பிடப் போவதில்லை. அதை விற்கக்கூடாது என்று நான் சொன்னேனா?

பொதுக்குழு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு. நோட்டு மேசைமேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எத்தனை பங்கு இருந்தாலும். கிழக்குத் தெரு அக்காக்களே, பெரியம்மாக்களே, இந்தத் தடவை செருப்பு மாட்டும் இடத்தில் இல்லை, உள்ளே உட்கார்ந்து பேசுங்கள். பங்குப் புத்தகம் மறக்காமல் எடுத்து வாங்க. போன பொதுக்குழு ஆள் பத்தாமல் பாதியிலேயே கலைந்துபோனது.